நெகேமியா மாமா பதவி விலகிய செவ்வாய்க்கிழமை

ஆஷ்கோம், மாசசூசெட்ஸ்
1774 செப்டம்பர் 19

அன்பு மகன் அசரியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் எழுந்து நடமாடுகிறோம், கடல் தாண்டி பிரிஸ்டலில் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, தேயிலையை விட்டதிலிருந்து நான் வைக்கும் ராஸ்பெர்ரி இலைக் கஷாயத்தை முகம் சுளித்துக்கொண்டே குடித்துவிடுகிறார். மூன்று பென்ஸ் தேயிலை வரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம், பேசாமல் கட்டிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். மூன்று பென்ஸ் எங்களிடம் இல்லாமலா? முதலில் காகிதத்துக்கு, பிறகு கண்ணாடிக்கு, இப்போது தேயிலைக்கு என்று வரி போடும் லண்டன் சபையில் நமக்காகப் பேச ஒரு ஆள்கூட இல்லை, எங்கள் கோபம் அதுதான். பாஸ்டன்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டியதற்கு லண்டன்காரர்கள் துறைமுகத்தையே மூடினார்கள், அதோடு விட்டார்களா, இனி நீதிபதிகள் ராஜாவின் ஆட்கள், ஜூரிகளையும் ராஜாவின் ஆளே பொறுக்குவார் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அந்த நீதிபதிப் பதவியை ஏற்றுக்கொண்டவர்களில் உன் நெகேமியா மாமாவும் ஒருவர். தகப்பன் இல்லாத என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்த அண்ணன்.

போன செவ்வாய் கோர்ட் திறக்க வேண்டிய நாள். சுற்றுவட்டாரத்திலிருந்து மூவாயிரம் பேர் வந்து தெருவின் இரு பக்கமும் வரிசையாக நின்றுவிட்டோம், ஒருவர் கையிலும் துப்பாக்கி இல்லை. நீதிபதிகளால் வாசலை நெருங்கவே முடியவில்லை. கடைசியில் பதவியை விடுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அதை வாசித்துக்கொண்டே எங்களுக்கு நடுவே நடந்தார்கள். மாமா என் எதிரே வந்ததும் நின்று, "நான் அவமானப்படுறத வேடிக்கை பாக்கத்தான் வந்தியா டார்கஸ்?" என்று அடிக்குரலில் கேட்டார். "இல்லண்ணா, நீங்க படிக்கிறது கேக்கல. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி சத்தமா படிங்க" என்றேன். படித்தார். மறுநாளே குடும்பத்தோடு பாஸ்டனுக்கு, ராஜாவின் பட்டாளத்தின் பாதுகாப்பில் இருக்கப் போய்விட்டார், நம் வீட்டைத் தாண்டித்தான் வண்டி போனது, திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் இன்னொரு முறை அந்த வரிசையில் நிற்க நேர்ந்தால் அதையேதான் சொல்வேன்.

அங்கே உன் முதலாளி எங்களைக் கலகக்காரர்கள் என்றால் சண்டைக்குப் போகாதே, அந்த லண்டன் சபையில் எங்கள் ஊர் ஆள் யார் என்று மட்டும் கேள். நெஞ்சில் சளி கட்டாமல் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். கர்த்தர் உன்னைக் கண்போலக் காப்பாராக. ஒன்று சொல்ல மறந்தேன், கவர்னர் அனுமதியில்லாமல் ஊர்க்கூட்டம் போடக்கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறதாம். வியாழக்கிழமை போடுகிறோம், நம் வீட்டில்தான். இடம் போதாது என்று அப்பா இப்போதே கட்டிலை வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
டார்கஸ் தேயர்