காப்புக் கட்டிக்கொண்ட நர்சம்மாவுக்கு

இன்று காலை தண்ணீருக்குப் போன இடத்தில் அந்த வாசனை மூக்கில் ஏறியது. பஞ்சாயத்து ஆள் குடிதண்ணீர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். கூட நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த வாசனையை நன்றாக இழுத்து மூச்சுவிட்டேன். நீங்கள் வந்துபோன தெருவில் அன்று பூராவும் இந்த வாசனைதான் கிடக்கும்.

நீங்கள் மதுரையில் மகள் வீட்டில் காலமானது எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. பந்தல்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில், "நம்ம பழைய நர்சம்மா போயிட்டாகளாம்ல" என்று பக்கத்து இலைக்காரி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதற்குமேல் என்னால் சாப்பிட முடியவில்லை. துக்கத்துக்கும் வர முடியாமல் போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை நான். சாமி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தும் வீட்டுக் கணக்கு எழுதியும் பழகிய கைதான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊருக்கு உங்களைக் கண்டாலே ஓட்டம். "ஆப்பரேசன் நர்ஸு வாராகடி" என்று ஒருத்தி சொன்னால் போதும், குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து, பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் காய்ந்த பருத்திமார் குவித்த படப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். நீங்கள் தோள் பையை இறக்காமல் படப்பைப் பார்த்தே பேசுவீர்கள். "தேளு கடிச்சா அதுக்கும் நாந்தான் ஊசி போடணும். வெளிய வாங்கடி. இன்னைக்கு ஊசி பிள்ளைகளுக்கு மட்டுந்தான்." படப்புக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அப்புறம் ஒவ்வொருத்தியாக வருவாள். வேலை முடிந்ததும் அருப்புக்கோட்டைக்கு நீங்கள் சாயங்கால பஸ் ஏறுவீர்கள். உங்கள் மகள் அப்போது சின்னப் பிள்ளை.

அந்த வருடம் கோடையில் ஊரணி அடிமண் தெரிய வற்றிப் போனது. அம்மன் கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் இராத்தங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. மிஞ்சிக் கிடந்த கலங்கல் தண்ணீரில்தான் பானகம் கரைத்தோம். அம்மன் தீர்த்தம் என்று அதையே அள்ளியும் குடித்தோம். மேலத்தெருவில் வாந்திபேதி தொடங்கியது. மறுநாள் விடியும்போது என் நாத்தனார் லட்சுமி கிழிந்த துணியாகக் கிடந்தாள்.

நீங்கள் வந்து அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தீர்கள். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. கண் குழிக்குள் போயிருந்தது.

"தண்ணி என்ன குடுத்தீக?" என்று என்னைக் கேட்டீர்கள்.

என் மாமியார் முந்திக்கொண்டார். "குடுத்தா குடுத்ததெல்லாம் போகுதுல்ல. வயித்தக் காயப்போட்டாத்தான் நிக்கும்."

"ஏற்கெனவே காஞ்சுபோயித்தான் கெடக்கா. இன்னும் காயப்போட்டா எடுத்துக் குழியிலதான் வைக்கணும். ஒடனே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போகணும், ரெண்டு நாள் அங்க கெடக்கணும்."

என் மாமனார்தான் கோயிலுக்குப் பெரியவர். பெற்ற மகள் அப்படிக் கிடக்க, அவர் அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "தாயி, நீங்க சொல்றது வாஸ்தவந்தான். ஆனா காப்புக் கட்டியாச்சே. எங்க வீட்டுப் பிள்ளையே எல்லை தாண்டுனா நாளைக்கு எவன் அடங்குவான்? மழையே பாக்காத ஊரு. ஆத்தாவும் கோவிச்சுக்கிட்டா நாங்க எங்கிட்டுப் போக?"

எனக்கும் அதே பயம்தான். லட்சுமி பிழைக்க வேண்டும், அம்மன் வாக்கும் தவறக் கூடாது.

நீங்கள் சண்டை போடவில்லை. எல்லையில் நிற்கிற வேப்பமரத்தை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு கையை நீட்டினீர்கள். "சரிங்கய்யா. அவ போக வேணாம். எனக்குக் காப்பைக் கட்டிவிடுங்க."

பூசாரி திகைத்துப்போனார். "நீங்க வேதக்காரவுகளாச்சே, சர்ச்சுக்குப் போறவுகளாச்சே?"

"எங்க சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுறேன். கட்டுனா ஊரை விட்டுப் போகக் கூடாதுல்ல? அதுதான் எனக்கு வேணும். ஆஸ்பத்திரிய இங்க வரவைக்கிறேன். ஆனா ஒண்ணு, காப்புக் கட்டுனவ சொல்ற பேச்ச ஊரு கேக்கணும்."

மாமனாரே மஞ்சள் கயிற்றை உங்கள் கையில் கட்டினார். நீங்கள் நேரே பஸ்ஸுக்குப் போய்க் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினீர்கள்: டாக்டர் குளுக்கோஸ் பாட்டில்களோடு ஜீப்பில் வரவேண்டும், உங்கள் வீட்டுக்காரர் மகளுக்குத் தலை சீவிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பவேண்டும்.

ஜீப் வருகிறவரை லட்சுமியின் உயிர் ஒரு கரண்டியில்தான் இருந்தது. கொதித்து ஆறிய தண்ணீரில் சீனியும் உப்பும் கலக்க என்னைத்தான் கூப்பிட்டீர்கள். "நீங்க எதையும் தலைதட்டி அளக்குற ஆளு. வேற யாரும் இதைத் தொட வேணாம்." ஒரு சொட்டை என் நாக்கில் விட்டு, "கண்ணீரு கரிக்குற அளவுக்கு மேல உப்புக் கரிக்கக் கூடாது" என்றீர்கள். அன்று எனக்குக் கண்ணீரின் ருசி நன்றாகத் தெரிந்திருந்தது. கரண்டி கரண்டியாக ஊட்டினேன். கக்கினாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் ஊட்டச் சொன்னீர்கள். நான் கண்ணை மூடி அம்மனை வேண்டினேன். "கும்பிடுங்கக்கா, வேணாங்கல. கண்ணத் தொறந்துக்கிட்டுக் கும்பிடுங்க. சிந்துது பாருங்க."

மத்தியானம் ஜீப் வந்தது. டாக்டர் நரம்பு தேடி ஊசி ஏற்றினார். அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஒண்ணுக்குப் போனாளா? போனாத்தான் தப்பிச்சா." பெரியவர் முன்னால் இப்படிக் கேட்கிறார்களே என்று எங்களுக்கெல்லாம் கூச்சம். பொழுது சாய்கிற நேரத்தில் என் மாமியார் வாசலுக்கு ஓடிவந்து, தெருவே கேட்கும்படி, "நர்சம்மா, போயிட்டா!" என்று கூவினார். எதிர்வீட்டுக்காரி லட்சுமிதான் போய்விட்டாளென்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவள் கோபத்தை என்ன சொல்ல. "இதுக்கா இந்தக் கூப்பாடு?" என்றாள். நீங்கள் நடைப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் கண்ணில் நீர் நின்றது. சிரிப்பால் மட்டும் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும்.

திருவிழா முடிகிறவரை பள்ளிக்கூடத்தில்தான் படுத்தீர்கள். ஊரணித் தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்றீர்கள். கிணற்றுக்குப் பூசாரி கையாலேயே மருந்துப் பவுடர் போடவைத்தீர்கள். நாற்றமடிக்கிறது என்று முனகியவர்கள் உங்கள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். வாந்திபேதிக்கு எங்கள் ஊரில் அந்த வருடம் ஒரு பாடைகூடக் கட்டவில்லை.

காப்பு அவிழ்த்த அன்று உங்களுக்கு என்ன மரியாதை செய்வதென்று ஊர் கூடி யோசித்தது. பரிவட்டம் ஆண்பிள்ளைகளுக்குத்தான் கட்டுவது. பொம்பளைக்கு, அதுவும் வேதக்காரவுகளுக்கு, எப்படியென்று நாலு பேர் இழுத்தார்கள். மாமனார் தன் தலையில் கட்டியிருந்ததை அவிழ்த்து, மடித்து, தாம்பாளத்தில் வைத்து உங்களிடம் நீட்டினார். நீங்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். பிறகு விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"நல்ல நெருக்கமான துணிங்கய்யா. தலையில கட்டுனா ஒரு நாளுக்குத்தான். இங்க கட்டுனா வருசம் பூரா ஆகும்." சொல்லிக்கொண்டே கோயில் தண்ணீர்ப் பானையின் வாயில் மூன்றாக மடித்துக் கட்டினீர்கள். மாமனார்தான் முதலில் குடத்தை எடுத்து அந்தத் துணிவழியாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் எந்த மனுசரையும் கும்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லட்சுமி இப்போது காரியாபட்டியில் இருக்கிறாள். பேரன் எடுக்கப்போகிறாள். நீங்கள் மாற்றலாகிப் போனபின் வேறு நர்ஸுகள் வந்தார்கள், நல்லவர்கள்தான். ஆனாலும் யார் வீட்டிலாவது பேதி கண்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் கீழத்தெருவில் ஒரு புதுமருமகள் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கார் வருகிறவரை அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினேன். கண்ணைத் திறந்தபடிதான். ஒவ்வொரு வாய்க்கும் அம்மனுடைய நாமம் ஒன்றைச் சொல்வது என் வழக்கம்.

"என்னக்கா முணுமுணுக்குறீக?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நீ குடி தாயி" என்றேன்.

வயதாகிவிட்டது. நடுவில் சில நாமங்கள் நினைவுக்கு வருவதில்லை. அதற்காகக் கரண்டியை நிறுத்திவைக்க முடியுமா? அந்த இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வாய் ஊட்டுகிறேன்.