தலையில்லாத நிழல்

1972 பிப்ரவரி 3

கணக்கு வாத்தியார் வராத நாள் எனக்குத் திருநாள். பையன்களை மைதானத்துக்கு இழுத்துப் போய் வானத்தில் பேய் காட்டினேன். வெயிலில் நின்று, தரையில் விழும் நம் நிழலின் கழுத்தைக் கண் கொட்டாமல் பத்து ‘அருள் நிறை மரியே’ ஜெபம் சொல்லும் நேரம் பார்க்க வேண்டும். பிறகு சட்டென்று வானத்தைப் பார்த்தால் நம் உருவமே வெள்ளையாக, பனை உயரத்துக்கு நிற்கும். எல்லாரும் அலறினார்கள். காரம் போதவில்லை என்று நானே ஒன்று சேர்த்தேன்: "தல தெரியாதவன் ஆறு மாசத்துல காலி."

மாயவன் மட்டும் அலறவில்லை. "எனக்குத் தல இல்லடா" என்றான்.

"நல்லதாப் போச்சு, முடி வெட்டுற காசு மிச்சம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 8

மாயவன் பள்ளிக்கு வரவில்லை. நேற்றும்.

பிப்ரவரி 10

அவன் அம்மா கண்ணம்மாள் காட்டு வேலையிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சோறு திங்க மாட்டேங்கறான் கண்ணு. பொங்கச் சட்டையத் தம்பிக்குக் குடுத்துட்டான், இனி எனக்கெதுக்குன்னு."

"ஆறு மாசம்னு நாந்தான் சும்மா கட்டி வுட்டேனுங்க."

"நீ சொன்னது பொய்யி, சரி. அப்ப அவங் கண்ணுக்கு மட்டும் ஏன் தல தெரியல?"

நாளைக்கு எல்லாரையும் மறுபடி வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 11

வகுப்பில் ஒருத்தன் விடாமல் மறுபடி பார்க்க வைத்தேன். எல்லாருக்கும் தலை இருக்கிறது. எனக்கும். நான் கட்டின பொய் எப்படி அவன மட்டும் தேடிப் போச்சு? நெசமாவே ஏதாச்சும் — சீ.

பிப்ரவரி 12

கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். சிரிக்க வைக்கலாமென்று மூஞ்சியைக் கோணிக் காட்டினேன். நேராக என்னையே பார்த்தான். சிரிக்கவில்லை.

"பாக்கறியா இல்லியாடா?"

"சட்ட தெரியுது. கை தெரியுது." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "பொங்கல்லருந்து யாருக்குமே மூஞ்சி இல்லடா. எங்கம்மாவுக்கும். அவங்கெல்லாம் சாகப்போறாங்கன்னு பயந்துட்டு இருந்தேன். நீ சொன்னப்பறந்தான் போகப்போறது நானுன்னு தெரிஞ்சுது."

ஓடிப்போய் அவன் அம்மாவிடம் சொன்னேன்: "பேயில்லீங்க, கண்ணுங்க."

பிப்ரவரி 21

தர்மபுரி போய்க் கண் டாக்டரிடம் காட்டினோம். கண்ணுக்குள் விழித்திரை என்று ஒன்று இருக்கிறதாம். அதில் வெளிச்சம் பட்டால், ஒரு செல் தான் கசியவிடும் ஏதோ ரசாயனத்தைக் குறைத்து அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும், அப்படியே கைமாறி மூளைக்குப் போகும். ஒரே இடத்தை முறைத்தால் வெயில் விழுந்த பக்கம் களைத்துவிடும், நிழல் விழுந்த பக்கம் களைக்காது. என் வெள்ளைப் பேய் அவ்வளவுதான்.

"இவனுக்கு நடுவுல இருக்கற செல்லுங்க செத்துட்டு வருது. அங்கருந்து சேதியே போறதில்ல. உயிருக்கு ஒண்ணுமில்ல. போன பார்வை திரும்பாது."

மாயவன் காதில் ‘உயிருக்கு ஒண்ணுமில்ல’ மட்டும்தான் விழுந்தது போல. பஸ்ஸில் ஒரு பொட்டலம் வடையையும் தின்று தீர்த்தான். கண்ணம்மாள் கடத்தூரில் நாங்கள் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

ஜூன் 15

மாயவன் பள்ளிக்கு வருகிறான். பாடத்தை நான் வாசிக்கிறேன், அவன் கேட்கிறான். என் மூஞ்சியைப் பார்க்கவும் வழி கண்டுபிடித்துவிட்டான். நேராகப் பார்த்தால் நான் இல்லை. என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் ஓரத்தில் மங்கலாகத் தெரிகிறேனாம். இன்றும் எனக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்ப்பதுபோலச் சிரித்து, "மீச வந்துடுச்சுடா உனக்கு" என்றான்.

அங்கே யாருமில்லை என்று தெரியும். இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.