நீ திருப்பாத இரண்டு பக்கங்கள்

இன்று காலை மாட வீதி நாட்டு மருந்துக் கடையில் சுக்கு வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் அதிமதுரம் கேட்டார். கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் மண்ணும் இனிப்பும் கலந்த அந்த வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு வாசிப்பு வகுப்புக்கு முன்னால் ஒரு துண்டை உடைத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நீ கிளம்புவாய். "தொண்டை இல்லேன்னா கதை இல்லட்டி" என்பாய். நான் சுக்கை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை, பள்ளி இல்லை. அண்ணா குடும்பம் பெங்களூர் போனதிலிருந்து இந்த வீட்டில் நான் மட்டும்தான். பேசுவதற்கு யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

கோபாலபுரத்தில் நம் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தமிழுக்கு நாம் இரண்டு பேர். ஆசிரியர் அறையில் ஒரே மேஜையின் இரண்டு பக்கம், பதினொரு வருஷம். என் பக்கம் வினாத்தாள்களும் நோட்டுக்கட்டுகளும். உன் பக்கம் நூலகத்திலிருந்து எடுத்துவந்த, அட்டை போன கதைப் புத்தகங்கள். என் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள். உன் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். ஒருமுறை ஏதோ ஒரு கதையில் வரும் திருடனை மன்னிக்கலாமா கூடாதா என்று ஏழாம் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து, தண்ணீர்க் குழாயடி வரைக்கும் கத்திக்கொண்டு போனது. தலைமையாசிரியை உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நீ திரும்பி வந்து, "முப்பத்தெட்டுப் பேரும் கதையை முழுசா கேட்டிருக்காவ, அதுதான் குத்தம்" என்று சொல்லிச் சிரித்தாய்.

வாசிக்கத் திணறும் பிள்ளையை நான் வார்த்தைக்கு வார்த்தை திருத்துவேன். நீ திருத்தமாட்டாய். "முற்றுப்புள்ளி வர்ற வரைக்கும் பொறுத்துக்கிடேன்" என்பாய். பொறுமையைப் பற்றி நீ எனக்குச் சொன்னபோதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை இப்போது சொல்லலாம்.

உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தி. நகருக்கு வந்தவள். உன் வீட்டுக்காரர் குடும்பத்துக்கு அங்கே பாத்திரக் கடை. அவர் போன பிறகுதான் நீ வேலைக்கு வந்தாய். அவரைப் பற்றி ஒரே ஒருமுறை, ராயப்பேட்டை நெரிசலில் பஸ் நின்றுவிட்டபோது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஆஸ்பத்திரிலேருந்து வந்துருவாருன்னுதான் எல்லாரும் சொன்னாவ." அதற்குப் பிறகு பஸ் நகர்ந்தது. நாம் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

அந்த வருஷம் ஏழாம் வகுப்பில் ஹரிணி இருந்தாள். அவள் அப்பா பெருங்குடியில் ஓர் அலுவலகத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். விபத்தில் அடிபட்டு மூன்று வாரமாக மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தார். எல்லா ஆசிரியர்களுக்கும் இது தெரியும். அவள் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. அத்தை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். தலை பின்னியிருக்கும், வீட்டுப்பாடம் முடித்திருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ அப்போது ஒரு பழைய புத்தகத்திலிருந்து நீளமான கதை ஒன்றை வாரம் கொஞ்சமாக வாசித்துக்கொண்டிருந்தாய். லாரி ஓட்டும் அப்பா, அவர் வரும் நாளுக்காக வாசல் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும் மகள், மலைப்பாதையில் மழை. நூலகத்தில் ஒரே பிரதி. முந்தைய வாரம் நீ கொடுத்து நான் படித்திருந்தேன். கடைசியில் அப்பா வரமாட்டார். ஒரு நாள் காலையில் அந்தப் பெண் தானே எழுந்துபோய்க் கதவைத் தாழிடுவாள். அவ்வளவுதான் முடிவு.

கதை தொடங்கிய மூன்றாவது வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். மழை பெய்கிற இடம் வந்ததும் நீ நிறுத்தினாய். ஜன்னல் பக்கம் பார்த்தாய். பிறகு அதே குரலில், தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது என்றாய். சேறு அப்பிய காலோடு அப்பா இறங்கி வந்தார் என்றாய். மகள் ஓடினாள் என்றாய். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் பேனா நின்றுவிட்டது. ஹரிணி கைதட்டவில்லை. உன் கையிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர் அறைக்கு வந்ததும் கேட்டேன். "என்னடி பண்ணினே? நாளைக்கு அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்லுவே?"

நீ பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாய். "என்னால முடியலட்டி" என்றாய். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் அப்பா இறந்துபோனார். ராயப்பேட்டைச் சந்துக்குள் அந்த வீட்டுக்கு நாம் சேர்ந்துதான் போனோம். நீ உள்ளே போய் ஹரிணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். நான் செருப்பு விடும் இடத்திலேயே நின்றேன். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அப்பா வந்துவிடுவார் என்று அவளிடம் நீ சொல்லிவிட்டாய், அவர் வரவில்லை. என் மனதில் அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டம். பெற்றோர்கள் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்கிறார்கள், வெள்ளிக்கிழமை வாசிப்பு வகுப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். யாரும் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். "கதைங்கற பேர்ல பொய் நம்பிக்கை குடுக்கறதுக்கு, அந்த நேரத்துல இலக்கணமாவது நடத்தலாம்" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை புது கால அட்டவணை சுவரில் ஒட்டப்பட்டது. நீ அதன் முன்னால் நின்று, சிவப்பு மையில் உன் டைரியில் திருத்திக்கொண்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி, மாலைக்குள் சரியாகியிருக்கும்.

ஐந்து மாதம். அதே மேஜை, நடுவில் அதே நோட்டுக்கட்டு. காலையில் தலையசைப்போம். சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்வது நின்றுபோனது. பள்ளி விட்டதும் நீ தி. நகர் பஸ்ஸுக்குப் போவாய், நான் ராதாகிருஷ்ணன் சாலை வழியாகத் தனியாக நடந்து வருவேன். மதிய இடைவேளையில் நீ மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து ஆறேழு பிள்ளைகளுக்கு வாசிக்க ஆரம்பித்திருந்தாய். அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் குரல் மேலே வரும். வார்த்தைகள் புரியாது. ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். அதை வைத்தே கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஊகிப்பேன். எழுந்து இரண்டு படி இறங்கினால் போதும். நான் எழவில்லை.

மார்ச் மாதம் நூலகப் புத்தகங்களைச் சரிபார்த்தார்கள். அடுக்க உதவிக்கு வந்த பிள்ளைகளில் ஹரிணியும் ஒருத்தி. அவள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். நீ இரண்டு வாரமாக விடுப்பில் இருந்தாய். உடம்பு சரியில்லை என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். என்ன உடம்புக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"மிஸ், இதுல முடிவு வேற மாதிரி இருக்கு" என்றாள்.

இந்த நாளுக்காகவே காத்திருந்தவள்போல் நான் மென்மையாகச் சொன்னேன், அன்று மிஸ் மாற்றிப் படித்துவிட்டார்கள், உனக்குக் கோபமா என்று.

"இல்ல மிஸ். எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படி?"

"மிஸ் பக்கத்தத் திருப்பவே இல்ல. இன்னும் ரெண்டு பக்கம் இருந்துச்சு. அவங்களாதான் சொல்றாங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

தெரிந்தும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"மிஸ் அழுதுடுவாங்க போல இருந்துச்சு. அதான் சும்மா இருந்தேன்."

பிறகு அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். நான் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலகத்தில் முகவரி கேட்டபோதுதான், நீ பெருங்குடியில் மகன் வீட்டுக்கே போய்விட்டாய் என்பதே எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தேன். எல்லாக் கட்டிடமும் ஒரே மாதிரி இருக்கிற அந்தக் குடியிருப்பில் உன் பெயரையும் மகன் பெயரையும் சொல்லி வாட்ச்மேனிடம் விசாரித்தேன். "டயாலிசிஸ் பண்ற அம்மாவா? இப்பத்தான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துக்கீறாங்க, மேல போங்க" என்றார். பதினொரு வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அதை ஒரு வாட்ச்மேன் சொல்ல வேண்டியிருந்தது. லிஃப்ட் வந்து கதவு திறந்து மூடிப் போய்விட்டது. நான் அடுத்த முறை வரும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். கை முழுக்க வீங்கி, ஊசி போட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், நேற்றுத்தான் பிரிந்ததுபோல, "சாப்பிட்டியாட்டி?" என்றாய். ஹரிணி சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய். நியாயம் உன் பக்கம் என்று நீ சொல்லிக்காட்டுவாய் என எதிர்பார்த்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"அவ இப்ப என்ன வாசிக்கா?" என்று கேட்டாய்.

எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாய்.

கூட்டத்தில் பேசியது தப்பு என்று சொன்னேன். நீ இல்லை என்று தலையை ஆட்டினாய். "நீ சொன்னது சரிதான். நான் சொன்னது பொய்தான். அவளுக்காகன்னு நினைச்சியா? எனக்கே அந்தப் பக்கத்த வாசிக்க முடியலட்டி."

அப்போதுதான் ராயப்பேட்டை நெரிசலில் நின்ற பஸ்ஸும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நீ சொன்ன ஒரு வரியும் எனக்கு ஞாபகம் வந்தன. பத்தியைப் படித்துப் பொருளுணர்ந்து விடையளி என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கேள்வி போட்டுக் கொடுத்தவள் நான். எதிரே இருந்த ஒரு மனுஷியை அப்படி வாசிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு நமக்கு ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. ஹரிணி என்ன வாசிக்கிறாள், யார் யாரோடு எந்தக் கதைக்காகச் சண்டை, யார் முதல் தடவையாக நூலக அட்டை வாங்கியது, எல்லாவற்றையும் வாரம் முழுக்கச் சேர்த்து எடுத்து வந்தேன். நீ முழுசாகக் கேட்காமல் விடமாட்டாய். "அப்புறம்?" என்பாய். ஒன்றும் இல்லை என்றால், "சரியா பாத்துட்டு வா" என்பாய். தலைமையாசிரியையிடம் போய் வாசிப்பு வகுப்பைத் திரும்பக் கேட்டேன். நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். உன்னிடம் சொன்னபோது, "ஜூன்ல நான் வந்துருவேன்" என்றாய். நான் பக்கத்தில் இருந்த தம்ளரைக் கழுவப் போனேன்.

மே மாதம் நீ போய்விட்டாய். விடுமுறை. பாதி ஆசிரியர்கள் ஊரில் இல்லை. பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. ஜூனில் பள்ளி திறந்த அன்று ஏழாம் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, மாடிப்படிக்குக் கீழே மிஸ் இல்லையே, எங்கே என்று என்னைக் கேட்டார்கள். நான்தான் சொன்னேன். மாற்றிச் சொல்லவில்லை.

உன் நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்காருகிறாள். நல்லவள். என்னை மேடம் என்பாள், மதியம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுவாள். அவளிடம் குறை ஒன்றும் இல்லை. ஒரு நாள் எட்டாம் வகுப்பில் ஒருவன் சொன்னதைச் சிரித்துக்கொண்டே அவளிடம் ஆரம்பித்தேன். ஒரு காதில் இருந்ததைக் கழற்றி, "சொல்லுங்க மேடம்" என்றாள். ஒன்றுமில்லை, சாப்பிடு என்றேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு திரும்பி வந்தது. எனக்குத்தான் கொடுத்தார்கள். இது இரண்டாவது வருஷம். உன்னைப்போல எனக்கு வாசிக்க வராது. குரல் ஒரே மட்டத்தில் போகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். முடிவை மாற்றுவதற்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் வாசிக்க ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். யார் வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் புத்தகத்தைத் திறப்பதில்லை. ஹரிணி ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். வராந்தாவில் பார்த்தால் கையிலிருக்கும் புத்தகத்தின் அட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுப் போவாள்.

உனக்காகச் சேர்த்து வைக்கும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. திங்கட்கிழமையே தொடங்கிவிடுகிறது, இதை அவளிடம் சொல்ல வேண்டும், இதையும் சொல்ல வேண்டும் என்று. ஞாயிறு வந்ததும் அவ்வளவும் என்னிடமே இருக்கிறது. அடுத்த வாரம் அதன் மேல் இன்னொரு வாரம்.

நேற்று நடந்ததையாவது சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு. கதையில் ஒரு கிழட்டு மாடு சாகிற இடம். அந்த வரியை இரண்டு முறை தொடங்கினேன். சமாளித்துப் பார்த்தேன், குரல் வரவில்லை. புத்தகத்தைத் தாழ்த்தி, என்னால் இந்தப் பக்கத்தை வாசிக்க முடியவில்லை, யாராவது வாசிக்கிறீர்களா என்று உள்ளதைக் கேட்டேன். பிறகு மூன்றாவது பெஞ்சிலிருந்து துர்கா எழுந்தாள். இந்த வருஷம் முழுக்க ஒரு வரி கூட வாய்விட்டு வாசிக்காத பெண். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் வெட்கம். வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, அந்த ஒரே பக்கத்தை வாசித்தாள். இருபது நிமிடம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை. நானும் திருத்தவில்லை. நடுவில் பள்ளி விடுகிற மணி அடித்தது. வெளியே மற்ற வகுப்புகள் ஓடுகிற சத்தம், வேன் ஹாரன். எங்கள் வகுப்பில் ஒருவர் கூடப் பையைத் தொடவில்லை. அவள் பாதி வார்த்தையில் நின்று, அதைத் திரும்பக் கூட்டி, கடைசி வரியைச் சொல்லி முடித்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.