நாய்க்கு நாலு வேளை மருந்து

என்னங்க,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். துரைக்கு ஈறு வீக்கம் இன்னும் வடியல. நேத்து வரைக்கும் இடது பக்கம் மட்டும்தான் புண்ணு, இன்னிக்கு நாக்குக்கு அடியிலயும் இருக்கு. ஒண்ணும் புரியல. டாக்டர் சொன்னபடி ரெண்டு வேளைதான் அந்த ஊதா மருந்தைத் தடவுறேன். ஒரு வாரத்துக்குக் கொடுத்த பாட்டில் நாலாம் நாளே காலி! கொட்டிடுச்சோ என்னவோன்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

இப்பதான் துவைக்க உங்க சட்டையை எடுத்தேன். சட்டைக் கையில ஊதாக் கறை. அப்போ நீங்களும் தடவுறீங்களா? நாலு வேளை ஆச்சே! அதனாலதான் பரவுதா, இல்ல தானாவே பரவுதா?

நாலு மணிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரும் தடவினதை மறைக்காம சொல்லிடுங்க. கஞ்சி அடுப்பு மேல. நல்லா ஆற வச்சு ஊத்துங்க.

பி.கு.: நீங்க போட்ட எலும்புதான் குத்திடுச்சுன்னு அன்னிக்குக் கத்தினேன். இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு.

இன்னொண்ணு: நாலு நாளா "துரை, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "துரை, குடை எங்கன்னு அம்மாகிட்ட கேளு"ன்னு அவனை வச்சே பேசிட்டோம். பாவம், அவனால வாயே திறக்க முடியல. சாயங்காலம் என்கிட்டயே பேசுங்க.