தரங்கம்பாடிக்குப் போறேன், சோனியா

சோனியா,

நைட் ஷிப்ட் முடிச்சி வந்து அசந்து தூங்கினு இருக்க, அதான் எழுப்பல. தரங்கம்பாடிக்குக் கெளம்பிட்டேன், ஞாயித்துக்கெழம வந்துடுவேன். மீன் கொழம்பு ஃப்ரிட்ஜ்ல கீது. சூடு பண்ணி சோறு துன்னு, வெறும் டீயக் குடிச்சிக்கினு கெடக்காத. மத்தியானம் எதிரூட்டு கல்பனா அக்கா வந்து பாக்கும். அதாண்ட எரிஞ்சி உழாத.

"பொண்ணப் பறிகுடுத்து மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள பீச்சு கேக்குதா ஒனக்கு?"ன்னு நேத்து கேட்ட. அங்க ரூம் போட்டதே பாப்பாவுக்காகத்தான? காட்டுப்பள்ளி ஹார்பர் பக்கம் வண்டில போவசொல்லல்லாம், "கடலு ஏன்ப்பா கேட்டுக்கு அந்தாண்ட கீது?"ன்னு கேக்கும். கேட்டே இல்லாத கடலக் காட்டுறேன்னு சொல்லிக்கினே இருந்தேன். அதுக்குள்ள ஜொரத்துல போயிடுச்சி. அது பேரச் சொல்லி ஒருவாட்டி கால நனச்சிட்டு வரேன், அவ்ளோதான்.

ராபின்

இன்னொண்ணு. பாப்பாவோட செவப்பு வாளிய எடுத்துக்கினேன். கடலுக்குன்னு வாங்குன நீல கவுனத்தான் காணோம், காலைலேர்ந்து ஊடெல்லாம் தேடுனேன். கடைசில பாத்தா ஒன் தலகாணிக்கு அடியில கீது. தூக்கத்துலயும் அத கெட்டியா புடிச்சிக்கினு இருக்க.

நான் உருவல, சோனியா.