நூல் மாற்றும்போது தூங்கும் சிப்

ஜூலை 2, செவ்வாய்

இன்றும் மயிலுக்குத் தலை வரவில்லை. கழுத்துவரை அழகாகப் போட்டுவிட்டு எம்பிராய்டரி மிஷின் நின்றுவிட்டது. மும்பை மாட்டுங்கா ஜவுளிக்கடைக்குக் கல்யாண ரவிக்கைத் துணி போகவேண்டும். எங்கள் பட்டறையில் இருப்பதெல்லாம் தலையில்லாத மயில்கள். சிரிப்புத்தான் வருகிறது. வாப்பா முன்னால் சிரிக்க முடியாது.

மிஷின்களை ஓட்டும் கம்ப்யூட்டர்களைப் பழைய மதர்போர்டுகள் வாங்கிச் சேர்த்துச் செய்தது நான். அவற்றை இயக்க லினக்ஸ் என்ற இலவச மென்பொருள் போட்டது நான். பெரிய பேச்சுப் பேசியதும் நான்தான்.

வாப்பா சொல்லிவிட்டார்: "ஏ உமைரா, வெள்ளிக்கிழமை ஜும்மா முடியிறவரைக்கும் பாப்பேன். அப்புறம் எல்லாத்தையும் பழைய சாமான் எடுக்குற பங்கார்காரன்ட்ட எடைக்குப் போட்டுருவேன். நீ இனிமே பில்லு மட்டும் எழுது."

பில் மட்டுமா! நானா!

ஜூலை 3

வயர் மாற்றினேன். ஒன்றுமில்லை. டிசைன் மாற்றினேன். ஒன்றுமில்லை. போர்டுக்கு ஓதி ஊதிப் பார்க்கலாமா?

ஜூலை 4

கண்டுபிடித்துவிட்டேன்!!

மிஷினை ஓட்டுவது என் அண்ணன் மனைவி சஃப்ரீன் மைனி. நூல் கலர் மாற்ற நிறுத்துவாள், மாற்றுவாள், ஓட்டுவாள். சட்டென்று மாற்றினால் ஓடுகிறது. கடையநல்லூரிலிருந்து அவள் உம்மா போன் வந்து, பேசிக்கொண்டே மாற்றினால் – போச்சு!

"அப்ப எங்க உம்மா போன் பண்ணுததுதான் குத்தமா? நல்லாருக்கு உங்க வீட்டு நியாயம்!"

இல்லை மைனி, குற்றம் மதர்போர்டில் இருக்கிற சிப்செட்டுடையது. மிஷினும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். கொஞ்சநேரம் பேச்சில்லை என்றால், கரண்டை மிச்சம்பிடிக்க அது தூங்கிவிடுகிறது. தூங்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? எழுப்பினால் எழுந்திருக்க வேண்டாமா? பிறவிக் கோளாறு, சிப்பைச் சரிசெய்ய முடியாது. தூங்கவிடாமல் வைக்கலாம். லினக்ஸ்தான் யாரும் திருத்தலாம் என்று திறந்து கிடக்கிறதே. உள்ளே போய் நாலு வரி எழுதினேன்: இந்தப் போர்டைத் தூங்க விடாதே.

மைனியை வேண்டுமென்றே உம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். ஊர்க்கதை முழுக்கப் பேசினாள். நூலைக் கோத்தாள். மிஷின் ஓடியது. தலை வந்தது. கொண்டை வந்தது! நாங்கள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

ஜூலை 5, வெள்ளி

வாப்பா மயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னிக்கு ஓடுது. மறுபடி நிக்காதுன்னு யாரு சொல்லுதா?"

நியாயமான கேள்வி. அடுத்த அப்டேட் வந்தால் என் நாலு வரி அழிந்துபோகும். லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டால் போகாது. இந்த மாதக் கடைசிவரை தவணை கேட்டு வாங்கினேன். லினக்ஸைப் பராமரிக்கிறவர்களுக்கு என் நாலு வரியை மெயிலில் அனுப்பியும் ஆயிற்று.

ஜூலை 9

பதில்! எங்கோ ஐரோப்பாவிலிருந்து, மிக மரியாதையாக. ஐயோ, என் மானம்!

போர்டை அதன் பெயர் சொல்லி அடையாளம் காட்டியிருந்தேன். உள்ளே என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே. அது பெயரே இல்லையாம் – "தயாரிப்பாளர் இங்கே நிரப்பவும்"! நிரப்பாமலே விற்றிருக்கிறார்கள். உலகத்து மலிவுப் போர்டுகளில் பாதி இப்படித்தானாம். என் நாலு வரி அப்படியே சேர்ந்திருந்தால் அத்தனைக்கும் தூக்கம் போயிருக்கும். நினைக்க நினைக்கச் சிரிப்பு.

சிப்பின் நம்பரையே கொடுத்துத் திருத்தி அனுப்பினேன். சோதித்தவர் பெயரும் வேண்டுமாம். சஃப்ரீன் என்று போட்டேன்.

ஜூலை 24

சேர்த்துவிட்டார்கள்!!!

"எம் பேரு அமெரிக்காவுலயும் இருக்குமா?"

எல்லா ஊரிலும் இருக்கும் மைனி. உடனே உம்மாவுக்குப் போன்.

ஜூலை 30

புது அப்டேட் போட்டேன். மைனி பேசுகிறாள், மிஷின் காத்திருக்கிறது, மயிலுக்குத் தலை வருகிறது.

மதியம் வாப்பா மழையில் நனைந்து ஒரு சாக்கோடு வந்தார். பங்கார்காரனைக் கூட்டிவந்துவிட்டாரோ என்று பதறிவிட்டேன். சாக்கு நிறைய எங்கள் போர்டு, அதே போர்டு!

"நின்னுபோவுதுன்னு இத ஒருத்தனும் வாங்கலையாம். மலிவா மொத்தமா அள்ளிட்டு வந்துட்டேன். பாரு."

"பில்லு எழுதணுமே வாப்பா?"

"அத நான் எழுதிக்கிடுதேன். நீ இதப் பாரு."