திறந்தால் வெள்ளையாக வந்த ஃபைல்கள்

புதன்கிழமை

நாளைக்கு அம்மாவைக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். பழைய ரிப்போர்ட்டுகளைப் பிரிண்ட் எடுக்கலாமென்று சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அக்காவும் நானும் இன்டர்நெட்டில் சேர்ந்து வைத்திருக்கும் டிரைவ் ஃபோல்டரில் எதைத் திறந்தாலும் வெள்ளையாக வந்தது.

அக்கா பிரான்சில் இருக்கிறாள். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டை போட்டோம். அந்தக் கோபத்தில் அழித்துவிட்டாள் என்று நினைத்தேன். கூப்பிட்டுக் கேட்டும் விட்டேன்.

"நான் எதையும் தொடலடா. உன் போன்ல தெறந்து பாரு" என்றாள்.

போனில் எல்லாம் இருந்தது. கம்ப்யூட்டரில்தான் இடமில்லை, ஃபைல்களின் பெயர்கள் மட்டும் வந்திருக்கின்றன, உள்ளே இருப்பது இறங்கவில்லை. பார்த்து முடித்த சினிமாக்களை அழித்ததும் ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன.

கடைசியாக நான் பார்க்காத ஒன்று வந்தது. அம்மாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்காது, டாக்டரிடம் என்னென்ன கேட்கணும் என்று அக்கா இரண்டு பக்கம் தமிழில் டைப் பண்ணியிருக்கிறாள். ஃபைலில் தேதி அதே ஞாயிற்றுக்கிழமை. நேரத்தைப் பார்த்தால், சண்டை முடிந்து போனை வைத்த பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

மறுபடி கூப்பிட்டேன். "தெரியாம கேட்டுட்டேன்க்கா."

"சரி விடு. நாளைக்கு டாக்டர்கிட்ட அதக் காட்டு."

அம்மா யாரிடம் இருப்பது என்ற பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. அடுத்த தடவை நான்தான் எடுக்கணும், மெதுவாக.